சிவப்புக் கோடு விழும் சொற்கள்

கதை எழுதுகிறவர்களை அதிகம் படுத்துவது ஒற்றுப் பிழைதான். ‘வேலை கொடுத்தான்’ என்றால் கம்பெனியில் ஆள் எடுத்தான் என்று பொருள். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் முருகன் கையிலிருக்கும் வேல். ஒரு ‘க்’ தவறினால் வாக்கியமே திசை மாறிவிடும். இதைக் கவனிக்கவென்றே நீச்சல்காரன் என்பவர் ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தியைச் செய்தார். எழுத்துப் பிழைக்கு ‘வாணி’யைச் செய்தார். இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பயன்படுத்தலாம். பெரியபாளையத்தில் உட்கார்ந்து எழுதும் எனக்கு இது பெரிய உபகாரம்.

தமிழுக்குத் திருத்தி செய்வது லேசான வேலையல்ல. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது முழுதாக எந்த அகராதியிலும் இருக்காது. வினை, காலம், வேற்றுமை என்று பிரித்துப் பார்த்துத்தான் சரியா தவறா என்று சொல்ல முடியும். லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றில் இயங்கும் ஹன்ஸ்பெல் என்ற திருத்தி ஹங்கேரி மொழிக்காக உருவானது. அதுவும் விகுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் மொழி. அப்படியும் ‘பஸ்ஸில் ஏரி உட்கார்ந்தாள்’ என்பதைச் சொல் சொல்லாகப் பார்க்கும் திருத்தி விட்டுவிடும். ‘ஏரி’ சரியான சொல்தானே! அங்கே நம் கண்தான் வேலை செய்ய வேண்டும்.

உரையாடலுக்கு வந்தால் கதை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த மகனிடம் ஒரு தாய், “நைனா இன்னும் வர்ல, நீ துன்னுட்டு குந்து” என்கிறாள். திரையில் சிவப்புக் கோடுகள் வரிசையாக விழுகின்றன. ‘அப்பா இன்னும் வரவில்லை, சாப்பிட்டுவிட்டு உட்கார்’ என்று திருத்தினால் கோடு போய்விடும். அந்தத் தாயும் போய்விடுவாள். ஆந்திர எல்லையோரத் தெலுங்கு கலந்த ‘நைனா’ இந்தப் பக்கத்து வீடுகளில் புழங்குகிற சொல். அதைப் பிழையென்று ஏற்க எனக்கு மனம் வராது. அதனால் கதைசொல்லியின் வாக்கியங்களில் திருத்தி சொல்வதைக் கேட்கிறேன். மேற்கோள் குறிக்குள் அதற்கு அதிகாரம் தருவதில்லை.

இந்தச் சிக்கல் கணினிக்கு முன்பே உண்டு. கரிசல் மண்ணின் சொற்களை அச்சு அகராதிகள் கண்டுகொள்ளாததால் கி. ராஜநாராயணன் தாமே ஓர் அகராதி தொகுத்தார். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகனும் நடுநாட்டுச் சொற்களைக் கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள். மூவரும் கதைக்காரர்கள். தங்கள் மக்களின் பேச்சைப் பிழையாக விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. எங்கள் ஆரணி ஆற்றங்கரைப் பேச்சுக்கும் அந்த உழைப்பு வேண்டும். பவானியம்மனுக்கு நேர்ந்துகொண்டு கட்டும் வேப்பஞ்சேலை தொடங்கி எத்தனை சொற்கள் இங்கே!

‘அகராதியில் சேர்’ என்று அழுத்தினால் கோடு மறையும். ஆனால் அந்தச் சொல் என் கணினியோடு நின்றுவிடும். ஊத்துக்கோட்டையில் எழுதுகிறவருக்கு மறுபடி சிவப்புக் கோடுதான். ஆகவே சொல், பொருள், யார் யாரிடம் சொல்வது என்று எழுதித் தனிக் கோப்பு வைத்து வருகிறேன். வெறும் பட்டியல் போதாது. ‘குந்து’ என்று எழுதினால் குந்திட்டான், குந்திக்கினு, குந்தவெச்சா என்று அது எப்படியெல்லாம் நீளும் என்பதையும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் திருத்தி செய்கிறவர்களால் இந்தச் சொற்களைத் தங்கள் விதிகளுக்குள் கொண்டுவர முடியும்.