பகார் சீட்டு

குர்லா என்றதும் ஊரில் இருப்பவர்களுக்கு ஞாபகம் வருவது டெர்மினஸ்தான். லோகமான்ய திலக் டெர்மினஸ் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்னும் "கோயம்புத்தூர் வண்டி குர்லாவிலதானே வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோ தாராவிக்கோ போய்விடுவார்கள். குர்லாவை யாரும் பார்ப்பதில்லை.

நான் இங்கேயே குடியிருப்பதால் பார்க்கிறேன். மேற்குப் பக்கம் சந்துகளுக்குள் நுழைந்தால் வரிசையாகக் 'காலா'க்கள். சின்னப் பட்டறைக்கு மும்பையில் அப்படித்தான் பெயர். பத்துக்கு இருபது அடி அறை, கீழே மெஷின்கள், மேலே பரண். பகலில் கீழே வேலை, இரவில் பரணில் தூக்கம். பை தைப்பவர்கள், தகரம் வெட்டுபவர்கள், வெல்டிங் அடிப்பவர்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப்பிரதேசப் பையன்கள். நடுவில் நம்மூர்ப் பையன்களும் இருக்கிறார்கள்.

எனக்குச் சோறு போடுவது சம்பளப் பட்டியல். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு கம்பெனியில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு மாதாமாதம் சம்பளக் கணக்குப் போடுகிற வேலை. குர்லா ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினால் கால் மணி நேரத்தில் ஆபீஸ். (டிராபிக் இல்லை என்றால். அதாவது ஞாயிற்றுக்கிழமை :-)) எங்கள் ஆபீஸில் சம்பளம் ஒரு மணி நேரம் தாமதமானால் நாற்பது மெயில் வந்து விழும். ஆட்டோ புறப்படுகிற இடத்திலோ இரண்டு மாதம் சம்பளம் வராமல் வேலை செய்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை.

இங்கே சம்பளத்துக்குப் 'பகார்' என்று பெயர். போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன சொல். அவர்கள் போய்விட்டார்கள், சொல் இருக்கிறது, பகார் மட்டும் சமயத்துக்கு வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் ஊரிலிருந்து ஒரு போன். அம்மா வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அக்கா. "தம்பி, பய ரெண்டு மாசமா துட்டு அனுப்பல. கேட்டா வரும் வரும்ங்கான். குடி கிடின்னு எதுவும் பழகிட்டானோன்னு பயமா இருக்கு. ஒரு எட்டு போயி பார்த்துட்டு வாயேன்."

போய்ப் பார்த்தேன். பை தைக்கும் காலா. பையனுக்கு வயது இருபத்தி ஒன்று. குடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கையில் துட்டு இல்லை, அவ்வளவுதான். மாதம் 14,000 பேச்சு. ஏழு மாதம் ஒழுங்காக வந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. "சேட்டு நல்லவருதான் மாமா. சரக்கு வாங்குன பார்ட்டி துட்டு தரலையாம்" என்றான். பார்ட்டி துட்டு தராவிட்டால் வாடகை கொடுக்காமல் இருக்க முடியுமா, கரண்ட் பில் கட்டாமல் இருக்க முடியுமா? முடியாது. கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்கிவிட்டுப் போவான். பையனுக்குப் பிடுங்க ஒன்றும் இல்லை.

எனக்கு அதைவிட உறுத்தியது, பெற்ற தாய் முதலில் பையனைத்தான் சந்தேகப்பட்டார் என்பது. அக்காவைக் குறை சொல்லவில்லை. பணம் வரவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி அதுதான். முதலாளி தரவில்லையோ என்பது மூன்றாவதோ நான்காவதோதான் தோன்றும். பையனுக்கும் அது தெரியும். அதனால்தான் "வரும் வரும்" என்று சமாளித்திருக்கிறான்.

வேலை நேரத்தைக் கேட்டேன். காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். நம் புத்தி எங்கே போகும்? கணக்குப் போட்டேன். நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72. சட்டம் அனுமதிப்பது வாரத்துக்கு 48. மிச்சம் 24 மணி நேரம் ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் 208 மணி நேரம் சாதாரண வேலை, 104 மணி நேரம் ஓவர்டைம். 104ஐ இரண்டால் பெருக்குங்கள். 208! அதாவது இன்னொரு முழுச் சம்பளம். 14,000 வாங்குகிறவன் 28,000 வாங்க வேண்டும். இது இவன் ஒருவன் கணக்கு இல்லை. வாரம் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் யாருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், விடை இதுதான். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

பையன் சிரித்தான். "விடுங்க மாமா, ரெண்டு மாச துட்டு வந்தா போதும்."

இதெல்லாம் நேற்று வந்த உரிமை இல்லை. இதே மும்பையில், 1884ல், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனு தயாரித்தார். ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். 5,500 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டது என்ன? ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை. மதியம் அரை மணி நேரம் இடைவேளை. காலை ஆறரைக்குத் தொடங்கி சூரியன் மறையும்போது வேலை முடிய வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை சம்பளம். ஞாயிறு விடுமுறை கிடைக்க 1890 ஜூன் 10 வரை ஆனது. நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்க வரிசையில் நிற்கிறோமே, அந்த விடுமுறைக்குப் பின்னால் இந்த மனுஷர் இருக்கிறார். (மும்பையிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.)

140 வருடம் கழித்து, அந்த மனுவைப் பையனுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஞாயிறு உண்டு. இடைவேளை உண்டு. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வேலை உண்டு. சம்பளம் 15ஆம் தேதிக்குள் இல்லை. அடிபட்டால் என்ன என்று கேட்டேன். ஊசி விரலில் ஏறியதற்கு சேட்டு டெட்டால் வாங்கிக் கொடுத்தாராம்.

முதலில் சேட்டிடம் நேரில் போனேன். மரியாதையாக சாய் வரவழைத்துக் கொடுத்தார். 'கல் ஆனா' என்றார். நான்கு 'கல்' போனது. ஐந்தாவது முறை பேச்சு மாறிவிட்டது. அப்படி ஒரு பையன் தன்னிடம் வேலையே பார்க்கவில்லை, ஊர்க்காரர்களோடு வந்து பரணில் தங்கிக்கொண்டிருந்தான் என்றார். ரெஜிஸ்டரைக் காட்டினார். எட்டுப் பெயர். உள்ளே நான் எண்ணியது பதின்மூன்று தலை. 2017ல் வந்த மகாராஷ்டிரக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வேலை நேரம், விடுப்பு, இடைவேளை எல்லாம் பத்துப் பேர் இருந்தால்தான். ஆகவே குர்லாவில் ஒன்பதைத் தாண்டி யாரும் எண்ணுவதில்லை! 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை அந்தப் பத்தை இருபதாக்கவும், ஒன்பது மணி வேலை நாளைப் பத்து மணியாக்கவும் ஒப்புதல் கொடுத்தது. இனி பத்தொன்பது வரை எண்ண வேண்டியதில்லை.

ஊரில் செய்தி தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. போலீஸ், கோர்ட், வார்டு கார்ப்பரேட்டர், 'நம்மாளுங்களை நாலு பேரைக் கூட்டிட்டுப் போ'. இதில் கோர்ட் பற்றிச் சொல்ல குர்லாவிலேயே ஒரு பெரிய தீர்ப்பு இருக்கிறது. பிரீமியர் பத்மினி கார், அதாவது மும்பையின் பழைய கறுப்பு மஞ்சள் டாக்சி, செய்தது இங்கேதான். அந்தத் தொழிற்சாலையில் ஊக்கத்தொகை பற்றி இரண்டு சங்கங்களுக்கு நடுவே தகராறு வந்து, ஒரு பக்கத் தொழிலாளர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய், 1975ல் தீர்ப்பு. தொழில் தகராறு சட்டம் உண்டாக்கித் தந்த உரிமை என்றால் அந்தச் சட்டம் சொல்லும் வழியில்தான் போய்க் கேட்க வேண்டும், சிவில் கோர்ட்டில் கேட்க முடியாது என்றார்கள். இன்றும் வக்கீல்கள் அந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பையன் விவகாரம் வேறு சட்டம்தான், ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற பாடம் ஒன்றுதான். சம்பளப் பாக்கிக்குக் கதவு தொழிலாளர் துறை.

அந்தக் கதவும் பக்கத்தில்தான். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே, காம்கார் பவன். தொழிலாளர் ஆணையர் அலுவலகம். என் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டிடங்கள், நடுவே இந்த அரசாங்கக் கட்டிடம். பையன் மூன்று வருடமாக மும்பையில் இருக்கிறான், இந்தப் பக்கம் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவா என்று கேட்டான்.

மனு எழுதும்போதுதான் உண்மையான சிக்கல். வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? நியமனக் கடிதம் கிடையாது. பகார் சீட்டு கிடையாது. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கிடையாது. கூட வேலை பார்த்த பையன்கள் சாட்சி சொல்ல வருவார்களா? அவர்களுக்கும் பாக்கி இருக்கிறது, வரமாட்டார்கள். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 'இவன் இங்கே வேலை பார்த்தான்' என்ற ஒற்றை வரி இல்லாவிட்டால் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவுதான்.

காப்பாற்றியது கூகுள் பே. சேட்டின் மகன் நம்பரிலிருந்து ஏழு மாதம், பத்தாம் தேதியை ஒட்டி, ஒவ்வொரு மாதமும் 14,000. அதிகாரி நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டபோது அது கடனாகக் கொடுத்தது என்றார் சேட்டு. வேலையே பார்க்காத பையனுக்கு, திருப்பிக் கேட்காமல், மாதாமாதம் ஒரே தொகை கடனா? சேட்டு பேசவில்லை.

முடிவில் இரண்டு மாதம் பதினோரு நாளுக்கு வர வேண்டிய 33,000 சொச்சத்தில் 27,000 வந்தது. ஓவர்டைம் பேச்சே எடுக்க முடியவில்லை. 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை, இன்னும் இரண்டு தடவை நடந்தால் முழுதும் வாங்கலாம் என்று சொன்னேன். தங்கச்சிக்குக் கல்யாணம், டிக்கெட் போட்டாயிற்று, விட்டுவிடுங்கள் என்றான். அவன் துட்டு, அவன் முடிவு.

அதன் பிறகு சட்டம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் போய் நான்கு தொகுப்புகள் வந்துவிட்டன. பாதுகாப்புத் தொகுப்பில் வெளிமாநிலத் தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை ஊர் போய்வரப் பயணப்படி உண்டு, ஆனால் ஒரு நிறுவனத்தில் அப்படிப் பத்துப் பேராவது இருந்தால்தான். மறுபடியும் பத்து! வேலைநீக்கத்தை எளிதாக்குகிறது என்று சங்கங்கள் தொழிலுறவுத் தொகுப்பை எதிர்க்கின்றன, எனக்கும் அதில் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஊதியத் தொகுப்பில் நம் பையன்களுக்கு உதவுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. அதற்குத் தலை எண்ணிக்கை கிடையாது, மூன்று பேர் வேலை செய்கிற காலாவுக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றால், அவனாக நின்றாலும், இரண்டு வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். பை கிழிந்தது, ஊசி உடைந்தது என்று எவ்வளவு பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அதுவும் அவனை விசாரித்த பிறகுதான். பாக்கி கேட்டு மனுப் போட மூன்று வருட அவகாசம். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று முதலாளி சொன்னால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். பகார் சீட்டு கொடுப்பது கட்டாயம்.

ஆனாலும் 'இவன் என் ஆளே இல்லை' என்று ஆரம்பிக்கிற முதலாளியிடம் பழைய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. சீட்டு இருந்தால் எல்லாம் சுபம் என்றும் சொல்லமாட்டேன். சூனாபட்டிப் பக்கம் சுதேசி மில் இடம் கிடக்கிறது, 1886ல் ஜாம்ஷெட்ஜி டாடா வாங்கிப் பெயர் மாற்றிய ஆலை. 2000ல் மூடினார்கள். ரெஜிஸ்டரில் பெயர், பி.எஃப்., சங்கம் எல்லாம் இருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். நிலுவைக்காகக் கோர்ட் படி ஏறியது இருபது வருடத்தைத் தாண்டியது. காகிதம் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

பையன் கல்யாணம் முடிந்து திரும்பி வந்து, இப்போது சாக்கிநாகாவில் வேறொரு காலாவில் இருக்கிறான். புது முதலாளியிடம் சீட்டுக் கேட்டிருக்கிறான், அவர் சிரித்திருக்கிறார். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். காலையில் வந்த நேரம், இரவு போன நேரம், எத்தனை பை, யார் வேலை சொன்னது. ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், தேதியும் நேரமும் அதில் தானாக விழுந்துவிடும். எதற்கென்று சரியாகப் புரியாவிட்டாலும் அக்கா ஒன்றைக்கூட அழிக்கவில்லை. போன வாரம் பேசும்போது எண்ணிச் சொன்னார்: 143 படம் இருக்காம்.