செல்லாத நோட்டு சொல்லும் கதை

விழுப்புரத்தை அறியாத தமிழர் இலர். ஆனால், அங்கே இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளுக்கு இருப்புப் பாதைகள் பிரியும் சந்திப்பாகையால், வண்டி மாறுவதும், அவசரமாக ஒரு காப்பி அருந்துவதும், மூட்டைகளை எண்ணிக்கொள்வதுமே அங்கே பிரயாணிகளின் முக்கிய அலுவல். ஒரு காலத்தில் அங்கே வண்டி மாறிய பிரயாணிக்குச் சர்க்காரே மாறியது. 1879-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிளைப் பாதையில் புதுச்சேரி வண்டி ஏறினால், நாற்பது கிலோமீட்டர் கடப்பதற்குள் பிரிட்டிஷ் ராஜ்யம் முடிந்து பிரெஞ்சு ராஜ்யம் தொடங்கிவிடும். கொடி மாறும், போலீஸாரின் தொப்பி மாறும், மடியிலுள்ள ரூபாய் நோட்டும் மாறும்.

பழைய நோட்டுகள் சேகரிக்க ஆசை கொண்ட அன்பர்கள் சிலர், "எங்கே தொடங்குவது?" என்று நம்மைக் கேட்பதுண்டு. அமெரிக்க டாலர் நோட்டுகளில் தொடங்கலாம் என்பது அவர்களில் பலருடைய எண்ணம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களையும் கோடிட்டு இணைத்தால் அமையும் சிறு முக்கோணத்துக்குள்ளேயே காகிதப் பணத்தின் சரித்திரம் முழுவதையும் படித்துவிடலாம் என்பது நம் கட்சி.

1861-ஆம் ஆண்டு ஓர் அதிசயமான ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. செலவுக்குப் பணமின்றி வடக்குச் சர்க்கார் தன் காகித டாலரை முதன்முதலாக வெளியிட்டது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் இந்தியாவில் காகித நாணயச் சட்டம் பிறந்தது. விக்டோரியா மகாராணியின் உருவம் தாங்கிய நோட்டுகள் அடுத்த ஆண்டிலிருந்து புழங்கலாயின. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் வேறுபடுகின்றன. 1861 முதல் அமெரிக்க சர்க்கார் வெளியிட்ட டாலர் நோட்டுகள் இன்றும் சட்டப்படி செல்லும். போரில் தோற்ற தெற்கு மாகாணங்களின் நோட்டுகளோ 1865-இல் வெறுங் காகிதமாயின. அரசு வாழ்ந்தால் நோட்டு வாழும். அரசு மாண்டால் நோட்டும் மாளும். அப்படி மாண்ட நோட்டு ஒன்று நம் பக்கத்திலும் உண்டு.

1875-இல் பாரிஸில் நிறுவப்பட்ட இந்தோசீனா வங்கிக்கே பிரெஞ்சு இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை இருந்தது. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புழக்கத்தில் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஒரு ரூபாய் நோட்டும், 1937-இல் ஐந்து ரூபாய் நோட்டும் வந்தன. அவற்றின் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றில் கவர்னர் டூப்ளேயின் உருவத்தைக் காணலாம். சரித்திரத்தின் வேடிக்கையைப் பாருங்கள்! டூப்ளே பதவி பறிக்கப்பட்டுத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டது 1754-இல். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூருக்கு அருகிலுள்ள கீழூர் கிராமத்தில் 178 பிரதிநிதிகள் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதென்று வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. டூப்ளேயின் நோட்டுக்கும் அத்துடன் ஆயுள் முடிந்தது.

சென்ற கோடை விடுமுறையில், விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் சென்றிருந்தோம். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதே ஊர்ப் பெயரின் மூலம் என்பர். இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை, ஒரு காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் தேசத்துக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அந்த வியாபாரம் செய்த குடும்பம் ஒன்றில் பழைய நோட்டுகள் இருப்பதாகக் கேள்வியுற்று அங்கே போனோம். எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதனுள்ளே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய் நோட்டுகள் நான்கும், இந்தோசீனா வங்கியின் ஒரு ரூபாய் நோட்டு ஒன்றும் இருந்தன.

"மாமனார் புதுச்சேரியில் மல்லாட்டை விற்றுக் கொண்டுவந்த பணம், தம்பி. இது செல்லுமா?" என்றார் அம்மூதாட்டி.

"செல்லாது, அம்மா" என்றோம்.

அவருடைய பேரனுக்கு நம் விடை பிடிக்கவில்லை. அந்த நோட்டுகளுக்கு லட்சக்கணக்கில் தருவதாகக் கைப்பேசியில் ஒருவன் சொல்லியிருந்தானாம். முதலில் கமிஷனும் வரியும் கட்டவேண்டுமென்றும், ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கடிதம் கூட வந்திருப்பதாகவும் சொன்னான் அந்தப் பிள்ளை. பணம் அனுப்புவதற்கு மறுநாள் பாங்கிக்குப் போவதாக இருந்தான்! பழைய நோட்டு வாங்கி விற்கும் விவகாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்றும், எவரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதத்திலேயே எச்சரித்திருப்பதை அவனுக்கு எடுத்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாமலிருந்த பிறகு, "அப்படியானால் இதைக் குப்பையில் போடவேண்டியதுதானா?" என்று கேட்டான்.

நேயர்களே, லட்சம் அல்லது குப்பை என்ற இந்த இரண்டு எண்ணங்களுக்கு நடுவேதான் நம் வீடுகளிலுள்ள சரித்திரச் சின்னங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பிரெஞ்சு நோட்டைக் கடையில் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால், அது மல்லாட்டை விற்ற பணம் என்பதையும், எந்தச் சாலை வழியாக எந்த வீட்டுக்கு வந்தது என்பதையும் எந்தக் கடையும் விற்காது. ஆகவே, ஒரு துண்டுக் காகிதத்தில் அம்மூதாட்டி சொல்லச் சொல்ல அவ்விவரத்தைப் பேரனையே எழுதச் செய்தோம். சேகரிப்பின் முதல் பாடம் இதுவே: நோட்டுடன் அதன் கதையையும் சேர்த்து வைக்கவேண்டும்.

இனி, புதிதாகத் தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள். ஒரு ரூபாய் நோட்டே ஏழைச் சேகரிப்பாளனின் உற்ற தோழன். முதல் உலகப் போரில் வெள்ளிக்குப் பஞ்சம் வந்ததால் 1917 நவம்பரில் அது பிறந்தது. அடுத்து 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு என்ற விசித்திரமும் தோன்றி, 1926-இல் மறைந்தது. சுதந்திர இந்தியா 1949-இல் அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத் தூணைப் பொறித்து வெளியிட்டதும் ஒரு ரூபாய் நோட்டே. மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கிக் கவர்னர் கையொப்பமிட, இதில் மட்டும் நிதிக் காரியதரிசி கையொப்பமிடுகிறார். ஒவ்வொரு காரியதரிசிக்கும் ஒரு நோட்டு என்று திரட்டினாலே அழகான வரிசை அமைந்துவிடும்.

பிரிட்டிஷ் காலத்துப் பெரிய நோட்டுகளில் சில இரண்டு பாதியாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு அருவருக்கவேண்டாம். தபாலில் திருட்டுக்கு அஞ்சிய வியாபாரிகள் முதலில் ஒரு பாதியை அனுப்பி, அது சேர்ந்த செய்தி வந்தபின் மறுபாதியை அனுப்புவார்கள். எண் இரண்டு இடங்களில் அச்சிடப்பட்டிருந்ததால் பாதிகளைப் பொருத்துவது எளிதாயிற்று. பாங்கிக் கட்டுகளில் கம்பி குத்திய துளைகளும் அப்படியே. நோட்டுக் கட்டுகளுக்குக் கம்பி அடிக்கும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2001-இல்தான் தடுத்தது.

நோட்டைக் கழுவலாகாது, இஸ்திரி போடலாகாது, பசையோ ஒட்டுத் தாளோ அதன்மேல் படலாகாது. ஈரமும் வெயிலும் அணுகாத இடத்தில், தரமான பாலியெஸ்டர் உறைகளில் மடிக்காமல் வைக்கவேண்டும். சாதாரண பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் காகிதத்தைக் கெடுத்துவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2016 நவம்பரில் செல்லாதென அறிவிக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் மாத்திரம் இருபத்தைந்து வரை அனுமதி உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே நோட்டு இல்லாவிட்டாலும் கதை இருக்கும். நோட்டு கிடைத்தால் காத்திருக்கும். கதை சொல்பவர்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். ஆகையால், முதலில் கதையை எழுதிக்கொள்ளுங்கள்.