கச்சேரி ரோடு முதல் ரோம் வரை: மருந்து கேட்கும் மொழி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடைக்கு வருகிறவருக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'பிள்ளை பெத்த உடம்பு, லேகியம் குடுங்க' என்றால் போதும். தி. நகர், அடையாறு மெடிக்கல் ஷாப்புகளில் அதுகூட வேண்டாம். காலி அட்டையை நீட்டி 'இதுல நாலு வெட்டிக் குடுங்க' என்றால் கத்தரிக்கோல் வந்துவிடும்.

இந்த வசதிக்குப் பழகியவர்கள் இத்தாலியில் தடுமாறுவது இயல்பு. போகிறவர்களும் குறைவில்லை. மிலானிலும் துரினிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் குமரி மண்ணின் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதைக் காணத் தமிழகத்திலிருந்து பலர் போயிருந்தார்கள். யாத்திரை போகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். மருந்துக் கடைப் பேச்சு அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது 'ஃபர்மச்சீயா', மருந்துக் கடை. 'ஓ மால் தி' என்று தொடங்கி வலிக்கும் இடத்தைச் சேர்த்தால் பாதிக் கவலை தீரும். தெஸ்தா தலை, கோலா தொண்டை, தெந்தி பல், ஸ்தோமக்கோ வயிறு. காய்ச்சலுக்கு 'ஓ லா ஃபெப்ரே'.

'உடம்பு சூடு' என்பதை மட்டும் அப்படியே சொல்லிவிடக் கூடாது. கேட்பவர் காய்ச்சல் என்றோ, புழுக்கம் என்றோ எடுத்துக்கொள்வார். நீர்க்கடுப்பு என்றால் 'புருச்சோரே க்வாந்தோ உரீனோ', அதாவது சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று நேராகச் சொல்வதே நல்லது. ஆனால் காற்றுப் பட்டுக் கழுத்து பிடித்துக்கொண்டது என்றால் இத்தாலியர்களுக்கு விளக்கமே வேண்டாம். 'கோல்போ தாரியா' என்று அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மார்கழியில் மஃப்ளர் சுற்றும் மயிலாப்பூர்த் தாத்தாவை அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

வலியைக் கை காட்டியாவது சொல்லிவிடலாம். எந்த மருந்து ஆகாது என்பதைக் கை காட்டிச் சொல்ல முடியாது. மனப்பாடம் செய்ய வேண்டியவை அந்த வாக்கியங்களே. பெனிசிலின் ஒவ்வாதவர் 'சோனோ அல்லேர்ஜிகோ ஆல்லா பெனிச்சில்லீனா' என்பார், பெண்ணானால் 'அல்லேர்ஜிகா'. கர்ப்பிணிக்கு 'சோனோ இன்ச்சிந்தா'. சர்க்கரை நோயாளிக்கு 'சோனோ தியாபேத்திகோ', பெண்ணுக்கு 'தியாபேத்திகா'. இருமல் சிரப் வாங்கும்போது கூடவே 'சென்ட்சா ட்சூக்கெரோ', சர்க்கரை இல்லாதது. 'சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று நம்மூரில் கேட்பதை அங்கே 'ப்ரீமா ஓ தோப்போ இ பாஸ்தி?' என்று கேட்கலாம்.

குரோசின், டோலோ என்றால் அங்கே தெரியாது. தாக்கிபிரினா என்பது அவர்கள் வீடுகளில் புழங்கும் பெயர். உள்ளே இருப்பது அதே பாராசிட்டமால். அதனால் காலி அட்டையைப் பெட்டியில் எடுத்து வைப்பது உத்தமம்: மூலமருந்தின் பெயர் அதில் அச்சாகியிருக்கும், அந்தப் பெயர் கடல் தாண்டியும் பெரும்பாலும் செல்லுபடியாகும். நாலு மாத்திரையாக வெட்டித் தர மாட்டார்கள், முழுப் பெட்டிதான். ஆன்டிபயாட்டிக் கேட்டால் 'ரிச்செத்தா', அதாவது டாக்டர் சீட்டு, கேட்பார்கள். சட்டப்படி இங்கும் அப்படித்தான். 2014 முதல் பல ஆன்டிபயாட்டிக்குகள் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சீட்டைக் கேட்கிற கடைக்காரரிடம் நம்மவர்கள் கோபித்துக்கொள்வது வருத்தமான வழக்கம்.

இரவில் கடை பூட்டியிருந்தால் கதவருகே பார்க்க வேண்டும். அன்றைக்கு முறைப்படி திறந்திருக்கும் 'ஃபர்மச்சீயா தி துர்னோ' எது என்று அங்கே எழுதி ஒட்டியிருப்பார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் கடையைத் தேடவே கூடாது. இங்கே 108 போல, அங்கே அழைக்க வேண்டிய எண் 112.