பூட்டும் வண்டும்

என் நண்பர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். வாடகை குறைந்த இடத்துக்கு மாறலாமென்று மூட்டை கட்டினார். கடன் கொடுத்தவருக்கு அது வேறு விதமாகப் பட்டது. 'ஆள் சரக்கோடு ஓடப் பார்க்கிறான்' என்று கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி! அமீனா வந்து கடையைப் பூட்டினார்.

"வழக்கு முடிகிறவரை இப்படித்தானா?" என்று வக்கீலைக் கேட்டேன்.

அவர் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தைப் பிரித்து, 38-வது ஆர்டரைக் காட்டினார். வரப்போகும் தீர்ப்பை ஏமாற்றும் எண்ணத்தோடு பிரதிவாதி சொத்தை விற்கவோ கடத்தவோ முனைந்தால்தான் இந்த ஜப்தி. கேட்ட ஜாமீனையும் செலவுக்கான ஜாமீனையும் கொடுத்துவிட்டாலோ, வழக்குத் தள்ளுபடியானாலோ கோர்ட் அதை நீக்கியே ஆகவேண்டும். கடன் வாங்கியவரை நெருக்கிப் பணம் கறக்க இது ஆயுதமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டும் 2007-இல் சொல்லியிருக்கிறது.

"சரி, ஜாமீன் யார்?" என்றார் வக்கீல்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கதைகளில் எத்தனையோ பேருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்; மைச் செலவு மட்டுந்தான். இப்போது கேட்பதோ என் வீட்டுப் பத்திரம்!

ஒரு மாதம் யோசித்தேன். பிறகு கையெழுத்திட்டேன். பூட்டுத் திறந்தது. உள்ளே துவரம்பருப்பு முழுவதும் வண்டு.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்தார். பூட்டு எப்போது திறக்க வேண்டுமென்று சட்டம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. அந்த ஒரு மாதத் தாமதம் கோர்ட்டுடையதல்ல, என்னுடையது.