கையை முகர்கிறவர்கள்

கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் இறந்த பறவைகளைப் பாடம் செய்வதும் என் வேலை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு காட்டுப் பறவைகளை அனுமதியில்லாமல் தொட முடியாது. எனவே கோழியும் வாத்தும்தான். தோலை உரித்து, உட்புறக் கொழுப்பைச் சுரண்டி, வெண்காரம் தடவி, பஞ்சடைத்துத் தைக்க வேண்டும். வாத்துக்குக் கொழுப்பு அதிகம். கையுறைக்குள்ளும் எப்படியோ வாடை ஏறிவிடும்.

வெறும் சோப்புக்கு அது மசியாது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைப்பேன். எண்ணெயோடு கொழுப்பும் வந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. நகக்கண்ணுக்குப் பழைய பல்துலக்கி. கடைசியில் புளிக்கரைசல்: கவிச்சிக்குக் காரணமான அமீன்கள் அமிலத்தில் அடங்கும். கீறல் இருந்தால் உயிர் போகும்.

இத்தனைக்குப் பிறகும் மாமியார், "அந்தக் கையால சோறு போடாதே" என்பார். ஞாயிறுதோறும் இரண்டு கிலோ மத்தி ஆய்வதும் இதே கைதான். அன்று யாரும் முகர்ந்து பார்த்ததில்லை.

"உனக்கு எதுக்கு இந்த நாத்தம்? விட்டுடேன்" என்றார் கணவர், அன்பாகத்தான். அவருடைய ஸ்கூட்டர் தவணை என் சம்பளத்தில் போகிறது. அந்தப் பணம் மட்டும் மணக்கிறது போலும்.

எண்ணெயும் சோப்பும் இப்போதும் உண்டு, வேலை முடிந்ததும் கல்லூரியிலேயே. வீட்டுக்கு வந்து இன்னொரு முறை தேய்ப்பதைத்தான் நிறுத்திவிட்டேன். மகள் ஓடி வந்து என் விரலை மூக்கருகே வைத்துக்கொள்கிறாள்.

"இன்னைக்குக் கோழியாம்மா, வாத்தா?"