படிக்கட்டில் நடந்த பாடம்

சென்ற விடுமுறையில் மாணவர் சிலரைப் பத்துமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 272 படிகளில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "நம்மள யாரு டீச்சர் இங்க கூட்டிட்டு வந்தா?" என்றாள். பேருந்தைக் கேட்கிறாள் என்றெண்ணிச் சிரித்தேன். "இல்ல டீச்சர், தாத்தாவோட தாத்தாவ!"

கப்பல், கங்காணி என்று வழக்கமான விடையைச் சொன்னேன். மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஐரோப்பியத் தொழிற்புரட்சியை மனனம் செய்து தேறியவள் நான். அதற்கும், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன என் அம்மாவுக்கும் தொடர்புண்டு என்று அன்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓரமாக அமர்ந்து மீண்டும் தொடங்கினேன். 1876-இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். மேல்நாடுகளில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, இங்கே காடுகள் தோட்டங்களாயின. நம்மவர் வந்து இறங்கினர். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. இரப்பர் விலை வீழ, ஆயிரக்கணக்கான தமிழர் மீண்டும் கப்பலேற்றப்பட்டனர்.

"வேணும்னா கூப்புடுவாங்க, வேணாம்னா அனுப்பிடுவாங்களா?" என்றாள். ஆம் என்றேன்.

அம்மாவைப் பெற்ற தாத்தா அந்தக் கப்பலில் ஏறவில்லை. எப்படித் தங்கினார் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டு வைக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது நினைவு தடுமாறுகிறது. வரும் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும்.