நாலு சுவருக்குள் நிற்கிற சத்தம்

மதுரை காளவாசலில் தேனி ரோட்டைப் பிடித்தால் விராட்டிப்பத்து, அச்சம்பத்து தாண்டி நாகமலை புதுக்கோட்டை. 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் வேலைக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே மனை வாங்கி, மலையைப் பார்த்தபடி வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கும். அந்த அறைக்குத்தான் இப்போது ஹோம் தியேட்டர் வருகிறது.

அட்டைப் பெட்டியோடு வாங்கி வருகிற செட்டைச் சொல்லவில்லை. போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாக வாங்கி, ஆள் வைத்துச் செய்கிற 'அசெம்பிள் செட்'. நான் கூடவே சுற்றிய அண்ணன் இந்த வேலைக்கு வந்தது மைக் செட்டிலிருந்து. பதினைந்து வயதில் கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் பனைமரத்தில் ஏறிக் குழாய் கட்டியவர். "பக்கத்து ஊருக்குக் கேட்டாத்தான் தம்பி செட்டுக்காரனுக்கு மரியாதை. இப்ப பக்கத்து வீட்டுக்குக் கேட்டா எனக்குத் திட்டு விழும்" என்றார். சட்டமும் அவர் சொல்வதைத்தான் சொல்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. தூரம் போக வைக்கும் தொழிலைக் கற்றவர், நாலு சுவருக்குள் நிறுத்தும் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார்.

வாட் கணக்கில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போனதும் குழாயால்தான். குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் நூறு டெசிபலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கர் 87, 90 என்று நிற்கும். இந்த மூன்று டெசிபல் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் 90 கொடுக்கிற ஸ்பீக்கரின் சத்தத்தை 87 ஸ்பீக்கரில் எட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் போன்ற பிரம்மாண்டமான கொட்டகைகள் இருந்த காலத்தில், திரைக்குப் பின்னால் ஹார்ன் வைத்துச் சில பத்து வாட்டிலேயே அரங்கத்தை நிரப்பினார்கள். இன்றைக்குப் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிற 'பிஎம்பிஓ' வாட் எண்ணுக்கு அளவுகோலே கிடையாது. அதைப் படித்துவிட்டு வருகிறவரிடம் பேசுவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்பது என் கட்சி.

அண்ணனோடு ஒருநாள் போன வீட்டு சார் ஓய்வு பெற்ற பேராசிரியர். கையில் ஒரு துண்டுச் சீட்டு: 12 இஞ்ச் சப்வூஃபர், ஆயிரம் வாட். மச்சான் வீட்டில் 12 இஞ்ச்தான் இருக்கிறதாம். அண்ணன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறை நடுவில் நின்று பளார் என்று ஒரு கை தட்டினார். தட்டிய சத்தம் கிணுகிணுவென்று சுவருக்குச் சுவர் ஓடியது. வழவழ டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், மொட்டைச் சுவர்.

"சார், இப்ப டிவில உங்களுக்கு என்ன குறை?"

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வசனம்தான் புரிய மாட்டேங்குது. கூட்டி வச்சா சண்டை வந்ததும் காது கிழியுது."

"அப்ப உங்களுக்கு வேண்டியது சென்டர் சார். சப்பு இல்ல."

5.1 ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். மலிவு செட்டில் அதைத்தான் உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறார்கள். அண்ணன் இடம், வலம், நடு மூன்றுக்கும் ஒரே வூஃபர், ஒரே ட்வீட்டர் போடுவார். ஆள் திரையில் இடமிருந்து வலம் நடந்தால் குரல் மாறக் கூடாது. காசில் பெரும்பங்கை முன்வரிசைக்கு ஒதுக்கிவிட்டு, சரவுண்டைச் சின்னதாக, உட்காருகிறவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி மாட்டினால் போதும் என்பது அவர் கணக்கு.

டவுன்ஹால் ரோட்டில் அவர் ஸ்பீக்கர் எடுக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் மல்டிமீட்டர், எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறையொட்டிக் காட்டும். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் நடுவைச் சுற்றி வைத்து நேராக அழுத்தி, காதை அருகே கொண்டுபோகிறார். உள்ளே கரகரத்தால் வாய்ஸ் காயில் உரசுகிறது, வேண்டாம். அடுத்து பையிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரி. முனையில் தொட்டதும் கோன் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கவனிக்காமல் மாட்டினால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்து பேஸ் காணாமல் போகும். விளிம்பில் ஃபோம் இருந்தால் தொடுவதில்லை. மதுரை வெயிலுக்குச் சில வருஷத்தில் பொடிப்பொடியாய் உதிரும், ரப்பர்தான். டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கிப் பார்த்தே அலுமினியக் கம்பி சுற்றியதை ஒதுக்கிவிடுகிறார்.

பாக்ஸ் 18 மி.மீ. பிளைவுட். கரையான் பயம் இருப்பதால் அடியில் ரப்பர் கால்.

சப்வூஃபருக்கு வந்தபோதுதான் வேடிக்கை. அறை நீளம் 14 அடி. அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸையொட்டிய பேஸ் இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஓரிடத்தில் குமுறும், இன்னோரிடத்தில் சுத்தமாகக் கேட்காது. 12 இஞ்ச் போட்டால் குமுறல்தான் கூடும். எந்த இடம் சரி என்று கண்டுபிடிக்க, சார் உட்காரும் சோபாவிலேயே சப்வூஃபரை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, அண்ணனும் நானும் தரையில் தவழ்ந்தோம். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவில் அதே சீர் கிடைக்கும். மூட்டுவலி என்று சார் நாற்காலியில் இருந்தபடி, "மூலைல பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூலையில் வயிற்றைக் கலக்கியது. புத்தக அலமாரி ஓரம் சரியாக வந்தது. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் ஸ்டீல் பீரோ கதவு கடகடத்தது. அட்டையை மடித்துக் கீலில் செருகினார். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரைக்கு ஜமுக்காளம் வாங்கச் சொன்னார். இரண்டும் சேர்ந்து எந்த ஸ்பீக்கரையும்விட அதிகம் செய்யும். விலையும் குறைவு.

10 இஞ்ச் என்று முடிவாயிற்று. மச்சானிடம் அளவைச் சொல்ல வேண்டாம் என்று சார் கேட்டுக்கொண்டார்.

சவுண்ட்பார் வந்த பிறகு அசெம்பிள் ஆர்டர் குறைந்துவிட்டது. அந்த சவுண்ட்பார்கள் பழுதாகி வருவதில்தான் கடை வாடகை ஓடுகிறது. அன்று கடைக்குத் திரும்பி வந்து அண்ணன் சாருக்கு பில் போட்டார். ஸ்பீக்கர், போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், பிளைவுட், ஒயர், பாக்ஸ் கூலி, சால்டரிங் கூலி. கை தட்டிப் பார்த்தது, கடை கடையாகக் கோனை அழுத்திப் பார்த்தது, தவழ்ந்தது எதுவும் அதில் இல்லை. கேட்டேன்.

"அத எந்தத் தலைப்புல தம்பி எழுதுறது?" என்றார்.